பேஸ் கிட்டார் உள் வயரிங்: பிக்கப்பை மாற்றாமல் டோன் தேற்றியது

இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்), இரண்டு வால்யூம், ஒரு டோன் கொண்ட ஜாஸ் பேஸ் வகை, பேட்டரி இல்லாதது. பிக்கப்புகள் மீட்டரில் தலா 7.5 கிலோ ஓம் காட்டின, அதனால் அவற்றைத் தொடவில்லை.

குறை பாட்களில், அதாவது குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடைகளில் இருந்தது. உள்ளே இருந்தவை பி500கே, அதாவது 500 கிலோ ஓம், லீனியர் (திருப்பும் அளவுக்கேற்ப மின்தடை ஒரே சீராக மாறுவது). டோன் குமிழை முக்கால்வாசி திருப்பியும் ஒன்றும் மாறாது, கடைசியில் சட்டென்று ட்ரெபிள் அடங்கிவிடும். பதிலுக்கு ஏ250கே, அதாவது 250 கிலோ ஓம், ஆடியோ டேப்பர் (மாற்றம் காதுக்குச் சீராகக் கேட்கும் வகை). எல்லாம் முழுக்கத் திறந்திருக்கும்போது ட்ரெபிள் பகுதியில் மூன்று பாட்களும் சேர்ந்து பிக்கப்புக்குச் சுமார் 83 கிலோ ஓம் சுமை. பழையவற்றில் அது 167. முன்பு இருந்த கீச்சல் குறைந்ததற்கு இதுதான் காரணம். பாட்களின் மதிப்பு 20 சதவீதம் வரை ஏறி இறங்கும், அளந்துவிட்டுப் பொருத்துங்கள். இந்த மூன்றும் 232, 241, 263 காட்டின.

புதிய பாட்கள் அளவில் பெரியவை, அவற்றின் கழுத்து பழைய துளையில் நுழையவில்லை. கன்ட்ரோல் பிளேட்டை மரத்திலிருந்து கழற்றி, ஸ்டெப் டிரில்லால் 10 மி.மீ. ஆக்க வேண்டியிருந்தது.

வயரிங்கில் பலர் சறுக்கும் இடம் வால்யூம். பிக்கப்பின் ஹாட் வயர் (சிக்னல் வரும் வயர்) பாட்டின் நடுக்காலுக்கு, அவுட்புட் ஓரக்காலுக்கு, மற்ற ஓரம் கிரவுண்டுக்கு. மாற்றி வைத்தால் ஒரு வால்யூமைக் குறைத்ததும் இரண்டு பிக்கப்பும் மௌனமாகிவிடும்.

பாட்டின் முதுகில் கிரவுண்ட் பற்றவைக்கும்முன் மணல் தாளால் லேசாகத் தேய்த்தால் ஈயம் உடனே ஒட்டும். சன்ன முனை வேண்டாம், அகல முனை, 370 டிகிரி, நான்கைந்து வினாடி. அதற்குமேல் பிடித்தால் உள்ளே கார்பன் தடம் கெட்டு, திருப்பும்போது கரகரக்கும்.

டோன் பாட்டில் ட்ரெபிளை வடிக்கும் கெபாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட் ஃபிலிம் வகை. அதே மதிப்புள்ள விலை உயர்ந்த ஒன்றை வாங்கக் காரணம் எதுவும் இல்லை. டோனை மாற்றுவது மதிப்புதான். குமிழை முழுக்கக் குறைத்தாலும் கொஞ்சம் நடுக்குரல் மிச்சம் வேண்டுமென்றால் 0.022 போடலாம்.

பாட்கள் இருக்கும் குழிக்குள் தாமிர ஃபாயில். பசையும் மின்சாரம் கடத்தும் வகையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பின்றிக் கிடக்கும். விளிம்பில் அரை செ.மீ. வெளியே மடித்தால்தான் பிளேட்டைத் தொடும். ஜாக்கின் (கேபிள் செருகும் இடம்) நுனித் தகடு ஃபாயிலில் உரசினால் சத்தமே வராது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப். ஃபாயில் டிம்மர், கம்ப்யூட்டர் கிளப்பும் ஜிர்ர் சத்தத்தை மட்டும் குறைக்கும். ஒற்றைப் பிக்கப்பின் மின்காந்த ஹம் அப்படியே இருக்கும். இரண்டு வால்யூமையும் சமமாகத் திறந்தால்தான் அது அடங்கும், அதுவும் ஒரு பிக்கப் மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் திருப்பி வைக்கப்பட்டிருந்தால்.

மூடும்முன் ஜாக்கில் அளந்தது: எல்லாம் திறந்த நிலையில் 3.6 கிலோ ஓம். பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் எங்கோ ஷார்ட். 7 காட்டினால் ஒரு பிக்கப் இணையவில்லை. பிரிட்ஜுக்கும் ஜாக்கின் கிரவுண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இரண்டையும் திறக்கும்போது அடிக்குரல் காணாமல் போய்ச் சத்தம் மெலிந்தால் ஃபேஸ் தப்பியிருக்கிறது (இரண்டு சிக்னலும் ஒன்றையொன்று அழிக்கின்றன), ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் போதும்.

மிச்சமிருப்பது சீரிஸ் சுவிட்ச், இரண்டு பிக்கப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது. அதற்கு ஒரு பிக்கப்பின் கிரவுண்ட் வயரைப் பிரித்துத் தனியாக எடுக்க வேண்டும்.