மொழி மூணு, பில் ஒண்ணு

கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஓர் ஆலையின் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். விவசாயி பதிவு, எடைச்சீட்டு, பில் எல்லாம் லாரவெல், அதாவது பிஎச்பி மொழியின் ஒரு சட்டகம் (ஃபிரேம்வொர்க்). ரகமும் தரமும் பார்த்து விலை போடும் கணக்கு பைத்தானில். எடைமேடை டேப்லெட்டில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். எல்லாவற்றையும் ஒரே மொழிக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். சீசன் நெருங்கும்போது அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மூன்றும் ஓடட்டும். எது எதை எப்படிக் கூப்பிடுவது என்பதை அரை நாளில் முடிவு செய்துவிடலாம். இடையில் போய்வரும் எண், தேதி, பெயர் ஆகியவற்றில்தான் காசு ஒழுகும்.

கூப்பிடும் வழியை முதலில் முடித்துவிடுவோம். பிஎச்பியிலிருந்து ஷெல்_எக்ஸெக் வைத்து பைத்தான் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது சுலபம். ராத்திரி ஒருமுறை ஓடும் அறிக்கைக்கு அது போதும். ஆனால் டெர்மினலில் ஓடியது தளத்தில் ஓடாது. காரணம், வெப் சர்வரின் பயனருக்கு உங்கள் விர்ச்சுவல் என்வ் (பைத்தான் நூலகங்களைத் தனியாக வைத்திருக்கும் கோப்புறை) தெரியாது. பைத்தானின் முழுப் பாதையைக் கொடுங்கள். அடுத்தது, சர்வரின் லொகேல் (மொழி அமைப்பு) 'சி' என்று இருந்தால், ஆர்க்யுமென்ட்டை மேற்கோளிட்டுத் தரும் பிஎச்பியின் எஸ்கேப்ஷெல்ஆர்க் தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடும். ஊர்ப் பெயர் வெற்றாகப் போய்ச் சேரும். தரவை ஆர்க்யுமென்ட்டாக அனுப்பாமல் ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாக ஜேசானாக (மூன்று மொழிக்கும் புரியும் எழுத்து வடிவம்) அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை; அதற்கு ஷெல்_எக்ஸெக்குக்குப் பதில் ப்ராக்_ஓபன் வேண்டும். பதில் மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வரட்டும், லாக் எல்லாம் எரர் பக்கம் போகட்டும். அந்த எரர் பைப்பையும் பிஎச்பி படித்தாக வேண்டும். லினக்ஸில் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 64 கேபி. அது நிரம்பினால் பைத்தான் எழுத முடியாமல் நிற்கும், பிஎச்பி பதிலுக்குக் காத்து நிற்கும், இரண்டும் விடியும்வரை அப்படியே கிடக்கும். 30 நொடியில் பிஎச்பியே வெட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். லினக்ஸில் அந்த வரம்பு வெளி நிரலுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பகலில் லோடுக்கு லோடு விலை வேண்டுமென்றால் பைத்தானை ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற ஒரு வெப் சட்டகத்தில், 127.0.0.1-இல் (அதே சர்வருக்குள்ளேயே) நிரந்தரமாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பாண்டாஸ் என்ற கணக்கு நூலகத்தை ஏற்றும் நேரம் மிச்சம். டைம்அவுட்டை நீங்களே எழுதுங்கள். லாரவெல்லின் எச்டிடிபி கிளையண்ட் 30 நொடி காத்திருக்கும்; அதன் அடியில் இருக்கும் கஸ்ஸில் நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்தினால் இயல்பில் வரம்பே கிடையாது. விலை கேட்க 3 நொடி தாராளம்.

மூன்றாவது வழி, நினைவகத்தில் தரவை வைக்கும் ரெடிஸ் சர்வரில் ஒரு வேலை வரிசை (கியூ). இதில் இரண்டு பொறி உண்டு. லாரவெல்லின் ஜாப் பொட்டலத்துக்குள் இருப்பது பிஎச்பி சீரியலைஸ் செய்த ஆப்ஜெக்ட். பைத்தானால் அதைப் பிரித்துப் பயனில்லை. அதனால் லாரவெல் கியூவை விட்டுவிட்டு, ஒரு சாதாரண ரெடிஸ் லிஸ்ட்டில் வெறும் ஜேசானைத் தள்ளுங்கள். தள்ளிய பிறகும் பைத்தான் பக்கம் ஒன்றும் வரவில்லையா? லாரவெல் ஒவ்வொரு ரெடிஸ் சாவிக்கும் முன்னால் ஆப் பெயரை ஒட்டி ஒரு முன்னொட்டு சேர்க்கும். நீங்கள் 'பில்' என்று நினைத்தது அங்கே வேறு பெயரில் கிடக்கும். எடுத்த வேலை பாதியில் செத்தால் தொலையாமல் இருக்க, ரெடிஸ் 6.2 முதல் உள்ள பிஎல்மூவ் வைத்து 'நடப்பில்' என்று இன்னொரு லிஸ்ட்டுக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். எடைச்சீட்டு எண்ணையே வேலை எண்ணாக வைத்தால், அதே வேலை இரண்டாம் முறை வந்தாலும் பணம் இரண்டு முறை போகாது.

இனி எண். பெங்களூரா ரக மாம்பழம் 3,470 கிலோ, கிலோ 12 ரூபாய் 35 காசு என்று வைத்துக்கொள்வோம். தொகை 42,854.50. இதை முழு ரூபாயாக்கச் சொன்னால் பிஎச்பியின் ரவுண்ட் 42,855 என்கிறது, பைத்தானின் ரவுண்ட் 42,854 என்கிறது. இரண்டுமே பிழை இல்லை. பைத்தான் சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படைக்கு இறக்கும் அல்லது ஏற்றும், பிஎச்பி மேலே ஏற்றும். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித்தொகையில் 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்றச் சொல்கிறது. கூழ் விற்பனை பில்லில் பழகிய ஆலைக் கணக்காளர் பழக் கொள்முதலிலும் அதையே எதிர்பார்ப்பார். ஆகவே பைத்தானில் டெசிமல் வகையும் ரவுண்ட்_ஹாஃப்_அப்பும். இன்னும் நல்லது, ரவுண்ட் செய்வதை ஒரே மொழியிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றவை காசுக் கணக்கில் முழு எண்ணாக, 4285450 என்று வாங்கிக்கொள்வது.

ஏன் முழு எண்? மைஎஸ்கியூஎல்லின் டெசிமல் புலம் பிஎச்பிக்கு எழுத்துச்சரமாகவே வரும், ஜேசானிலும் மேற்கோள்குறியோடு போகும். டேப்லெட்டில் அதோடு இறக்குக்கூலி 350-ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் "42854.50350" என்று ஒட்டிக் கொடுக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

நேர்மாறாக, வங்கிக் கணக்கு எண்ணை எழுத்துச்சரமாகத்தான் அனுப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணின் பத்திரமான உச்சம் 9007199254740991. ஜேசானில் 9007199254740993 என்று எண்ணாக அனுப்பினால் அங்கே 9007199254740992 ஆகிவிடும். பணம் வேறு யாருக்கோ போகும், அல்லது திரும்பி வரும். முன்னால் பூஜ்யம் உள்ள கணக்கெண்களின் கதியும் அதுதான்.

தேதி. சீசனில் விடியற்காலை 4 மணிக்கும் லோடு வரும். ஜூன் 1 காலை 4:10-க்கு வந்த லோடை ஜாவாஸ்கிரிப்டின் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் வழியாக அனுப்பி, முதல் 10 எழுத்தை வெட்டித் தேதியாக எடுத்தால் மே 31 என்று வரும். அது கொடுப்பது கிரீன்விச் நேரம், நம்மைவிட 5:30 மணி பின்னால். மாதக் கணக்கே மாறிப்போகும். நேரம் வேண்டுமென்றால் +05:30 ஒட்டி அனுப்புங்கள். தேதி மட்டும் போதுமென்றால் உள்ளூர் ஆண்டு, மாதம், நாளை எடுத்து நீங்களே கோர்த்து அனுப்புங்கள் (மாதம் அங்கே 0-இலிருந்து தொடங்கும், 1 கூட்ட மறக்காதீர்கள்). திரையில் 1970 ஜனவரி தெரிந்தால் பைத்தான் நொடியில் அனுப்பியதை ஜாவாஸ்கிரிப்ட் மில்லிநொடியாகப் படித்திருக்கிறது. ஆயிரத்தால் பெருக்குங்கள்.

தமிழ்ப் பெயர்கள்தான் நம்மூருக்கே உரிய தலைவலி. போச்சம்பள்ளி என்பதில் 'போ' இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம்: ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுபோல்தான் தெரியும். ஆனால் முதலாவது 12 குறியீடு, இரண்டாவது 13. பைத்தானில் ஊர்வாரி வாடகை அகராதி வைத்திருந்தால் 'அப்படி ஓர் ஊர் இல்லை' என்று கைவிரிக்கும். உள்ளே வரும் இடத்திலேயே யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றுங்கள். மூன்று மொழியிலும் வசதி உண்டு. பிஎச்பிக்கு இன்டிஎல் நீட்டிப்பு வேண்டும். கௌரியை 'ள' போட்டுக் கெளரி என்று தட்டியிருந்தால் மட்டும் என்எஃப்சியும் காப்பாற்றாது, தனியாகத் திருத்த வேண்டும்.

நீளமும் மொழிக்கு மொழி மாறும். அதே போச்சம்பள்ளி பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 12, பிஎச்பியின் ஸ்டர்லென்னில் 36, ஏனென்றால் அது பைட் எண்ணுகிறது. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 குறியீடு. ஸ்டர்லென்னை நம்பினால் ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும் செய்தியை மூன்றாக வெட்டிவிடுவீர்கள். எம்பி_ஸ்டர்லென் போடுங்கள்.

ஜேசானிலேயே சில வில்லங்கம் உண்டு. பிஎச்பியின் காலி அரே இயல்பில் [] என்றே போகும், மறுபக்கம் {} எதிர்பார்த்தாலும். அரே_ஃபில்டர் செய்த பட்டியலில் நடுவில் ஒன்று விழுந்தால் அது பட்டியலாக இல்லாமல் ஆப்ஜெக்டாகிவிடும். அரே_வேல்யூஸ் சேர்க்க வேண்டும். இரு பக்கமும் எச்மேக் (ரகசியச் சாவி வைத்துப் போடும்) கையொப்பம் சரிபார்த்தால், ஜேசானைப் பிரித்து மறுபடி கட்டிக் கையொப்பம் போடாதீர்கள். பைத்தான் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடும், பிஎச்பி சாய்கோட்டின் முன் பின்சாய்கோடு போடும், கையொப்பம் ஒருநாளும் பொருந்தாது. வந்த பைட்டுகள் மீதே போடுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க முடியாது. ஒரே ஒரு மாதிரி ஜேசான் கோப்பைக் கிட் (git) களஞ்சியத்தில் போட்டு, மூன்று மொழியின் டெஸ்ட்டும் அதையே படிக்கும்படி செய்யுங்கள். அதில் தொகை 4285450, 17 இலக்கக் கணக்கெண், ஜூன் 1 காலை 4:10, பிரிந்த 'போ'வோடு ஒரு போச்சம்பள்ளி, காலிப் பிடித்தப் பட்டியல் ஒன்று இருக்கட்டும். விலைப் பக்கத்தை யார் தொட்டாலும் மூன்று டெஸ்ட்டும் பச்சையான பிறகே சர்வருக்கு ஏற்றுங்கள்.