எறும்பு காட்டிக் கொடுத்தது

காலையில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் பார்த்தேன், தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

பூவில் ஒன்றும் இல்லை. துளிர் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க அசுவினிப் பூச்சி. கடுகளவுகூட இல்லாத பச்சைப் புள்ளிகள், நகராமல் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன.

அவை கழிக்கிற இனிப்பு நீருக்காகத்தான் எறும்புக் கூட்டம். பதிலுக்குக் காவல் காக்கும். நாம் மாடு வளர்க்கிற மாதிரிதான்.

சரி என்று வேப்பெண்ணெய் எடுக்கத் திரும்பியவள் நின்றுவிட்டேன். கூட்டத்துக்கு நடுவே குட்டி முதலை மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுத் திட்டோடு ஒரு புழு.

முன்பெல்லாம் இதைத்தான் முதலில் நசுக்குவேன். பொறிவண்டின் புழு அது, வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். எத்தனை கூட்டாளிகளைக் கொன்றிருக்கிறேனோ!

எண்ணெய் இப்போதைக்கு வேண்டாம். மற்ற கிளைகளில் மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினேன். அசுவினி இணை சேராமலே குட்டி போடும், அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். பெருகினால் அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு, இலைக்கு அடியில்.

புழு இருக்கும் கிளையில் ஒரு நூல் கட்டியிருக்கிறேன், வீட்டில் யாரும் கை வைத்துவிடாமல் இருக்க.