குட்டிக்கு கழிச்சலா, முதல்ல வாய்க்குள்ள விரல விட்டுப் பாருங்க

எங்க வீட்ல இருக்குறது பூரா கன்னி ஆடு, விளாத்திகுளம் பக்கம் கரிசக்காட்டுல மேயுமே, கருப்பா, மூஞ்சில ரெண்டு பக்கமும் வெள்ளைக்கோடு இறங்கி, அதுதான். ஒரு ஈத்துக்கு ரெண்டு குட்டி சாதாரணமா போடும். ஆனா ரெண்டுல ஒண்ணு முட்டி மோதி மடிய காலி பண்ணிரும், இன்னொண்ணு இளைச்சுப் போய் நிக்கும், நாம மனசு கேக்காம பசும்பால பாட்டில்ல ஊத்திக் குடுப்போம், கழிச்சல் பாதி அங்கருந்துதான் வருது.

போன ஐப்பசில அப்படி ஒரு பொட்டக்குட்டி, பொறந்து 12 நாள். காலைல பஞ்சாரத்தத் தூக்குன அத்தை “ஏம்மா இங்க வா, வாலடி பூரா நனைஞ்சு கெடக்கு பாரு”ன்னாங்க. மஞ்சத்தண்ணியா பீச்சி, வால்முடி ஒட்டிப் போயி, தலையத் தொங்கப் போட்டு நிக்குது. எனக்கு கை நடுங்கிருச்சு, ஏன்னா அதுக்கு முந்துன வருசம் இதே மாதிரி வந்த ஒரு குட்டிக்கு மனுசங்களுக்கு பேதிய நிறுத்துற மாத்திரைய பொடிச்சு ஊத்திட்டேன். பேதி நின்னுச்சு, வயிறு உப்புச்சு, சாயங்காலம் குட்டி போயிருச்சு. கழிச்சல நிறுத்துறது வைத்தியம் இல்ல, குடல் அசையாம நின்னா கெட்டது உள்ளயே தங்கிரும், குட்டிய பெரும்பாலும் கொல்றது உடம்புல உள்ள தண்ணியும் உப்பும் போறதுதான்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னப்பதான் எனக்கு விளங்குச்சு.

அதனால இந்தத் தடவை மொதல்ல விரல கழுவிட்டு குட்டி வாய்க்குள்ள விட்டேன். நல்லா இருக்குற குட்டி வாய் வெதுவெதுன்னு இருக்கும், விரல வெடுக்குன்னு இழுத்து சப்பும். இதுக்கு வாய் சில்லுன்னு இருக்கு, சப்பவும் இல்ல. கழுத்துத் தோல கிள்ளி விட்டா உடனே படியாம கூடாரம் மாதிரி நிக்குது, கண்ணு உள்ள போயிருச்சு. வாய் சில்லுன்னு இருக்குற குட்டிக்கு பாலோ தண்ணியோ எதையும் ஊத்தக்கூடாது, முழுங்கத் தெம்பு இல்லாம நுரையீரலுக்குப் போயிரும், இல்லனா வயித்துல செரிக்காம கெடக்கும். மொதல்ல சூடுதான். வால்முடியத் தொடச்சு, சாக்குல சுத்தி, வெந்நீர் பாட்டில துணில பொதிஞ்சு பக்கத்துல வச்சு, ஆடு மாட்டுக்கு வீட்டுக்கே வண்டில டாக்டர் வர்ற 1962 நம்பருக்கு போன் போட்டேன். ஒரு மணி நேரம் மடியில வச்சிருந்தேன். தெர்மாமீட்டர்ல 99 இருந்தது 101 வந்துச்சு (102, 103 வந்தா நல்ல ஆட்டுக்கு சரியான சூடு), விரல சப்ப ஆரம்பிச்சுச்சு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அப்புறம் உப்பு சர்க்கரைத் தண்ணி. கொதிச்சு ஆறுன 1 லிட்டர் தண்ணிக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, வெதுவெதுப்பா, ஒரு தடவைக்கு 50 மில்லி, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, ராத்திரியும் எந்திரிச்சு. தலைய அண்ணாத்தி ஊத்தாதீங்க, இரும்புனா உடனே நிறுத்துங்க. பாட்டில் பால நிறுத்தி, தாயாட்டுப் பால மட்டும் கொஞ்சங் கொஞ்சமா, உப்புத் தண்ணிக்கும் பாலுக்கும் ரெண்டு மணி நேரம் விட்டுக் குடுத்தேன். வண்டில வந்த டாக்டர் ஊசி போட்டாரு, பாட்டில் ரப்பர தெனமும் வெந்நீர்ல போட்டுக் கழுவணும், பால் ஆறிப்போய் குடுக்கக்கூடாதுன்னு சொன்னாரு.

இது பால்குட்டி கதை. மூணு வாரம் தாண்டுன குட்டி கருஞ்செவப்பா சளியும் ரத்தமுமா முக்கி முக்கிப் போச்சுன்னா அது வேற, ஈரத்தரைல நெருக்கமா அடைச்சு வச்சா வர்ற ரத்தக்கழிச்சல், குடற்புழு மருந்து இதுக்குக் கேக்கவே கேக்காது. சாணிய ஒரு சின்ன டப்பால எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரில காட்டுங்க, அதுக்குன்னு தனி மருந்து சில நாள் தொடர்ந்து குடுக்கணும், தரைய காய வைக்கணும். கழிச்சல் இல்லாம இடது பக்கம் விலாவுக்குப் பின்னாடி தட்டுனா தம்பட்டம் மாதிரி சத்தம் வந்துச்சுன்னா வயிறு உப்புசம், மக்காச்சோளத்தயோ மழைக்கு முளைச்ச பச்சையயோ அளவு மீறித் தின்னுருக்கும், மூச்சுத் திணறுச்சுன்னா நிமிசம்கூட வீட்ல வச்சுப் பாக்காதீங்க. கொழுத்த குட்டியா பாத்து திடீர்னு துள்ளி விழுந்து சாகுற துள்ளுமாரிக்கு வந்த பிறகு வைத்தியம் பாக்க நேரமே கெடைக்காது, மழைக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுறணும்.

அந்தக் குட்டி ரெண்டாம் நாள் தானா எந்திரிச்சு தாய்கிட்ட போச்சு. கழிச்சல் கூழாகி, களியாகி, நாலாம் நாள் காலைல பஞ்சாரத்தத் தூக்குனா மண்ணுல மிளகு மாதிரி அஞ்சாறு புழுக்கை. அத்தை ஒண்ண கைல எடுத்து நசுக்கிப் பாத்துட்டு, “இனிமே பயமில்ல, அவுத்து விடு”ன்னாங்க.