மரக் கப்பலுக்கு இரும்புத் தகட்டு ரிப்போர்ட்

கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாரி அகற்றும் பழைய கடற்படைக் கப்பலை, அதாவது கண்ணிவாரியை, வாங்கி, குடியிருக்கும் படகாகப் பதிவு செய்து முடித்தவர்களுக்குச் சிலையே வைக்கலாம். ஏலம் எடுத்ததும் பணம் கட்டியதும் சுலபமாக முடிந்தன. வினை அப்புறம்தான் ஆரம்பித்தது.

கடற்படைக் கப்பல் சிவில் பதிவேட்டில் இருந்ததே இல்லை. அதனால் கப்பலின் உள் கொள்ளளவைச் சொல்லும் டன்னேஜ் சான்றிதழ் கிடையாது. புதிதாக அளந்து வாங்க வேண்டும். அது நியாயம். ஆனால் பதிவு அலுவலகத்தில் இருந்தவர், அடித்தகட்டின் தடிமன் ரிப்போர்ட்டும் வேண்டும் என்றார்.

"சார், இது மரக் கப்பல்."

"போர்க்கப்பல் எப்படி மரமாக இருக்கும்?"

காந்தக் கண்ணி இரும்பை உணர்ந்து வெடிக்கும், அதற்குத் தப்பத்தான் மரத்தில் கட்டினார்கள் என்று விளக்கினேன். கடலாய்வாளர் கூஸ்தோவின் கலிப்ஸோ கப்பல்கூட 1942-ல் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய மரக் கண்ணிவாரிதான், போருக்குப் பின் மால்டாவில் பயணிகளை ஏற்றியது என்றும் சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. கடைசியில், 'அல்ட்ராசவுண்ட் தகட்டுச் சோதனை இதற்குப் பொருந்தாது' என்று கப்பலைப் பரிசோதிக்கும் சர்வேயர் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்த ஒரு வரிதான் காரியத்தை முடித்தது. முதல் வேலையாக அதை வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். கரையேற்றி அடிப்பகுதியைப் பார்க்காமல் பாலிசி தரமாட்டார்கள்; பாலிசி இல்லாமல் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு கரையேற்றாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்! மூன்றாம் நபர் இழப்புக்கு மட்டுமான தற்காலிக பாலிசி ஒன்று உண்டு. யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நான் கேட்டேன், கிடைத்தது.

சர்வேயர் அடிப்பகுதியைவிட மேல்தளத்துக்குக் கீழேதான் அதிகம் சுத்தியலால் தட்டினார். உப்புத் தண்ணீரில் ஊறும் மரம் தாங்கிவிடும். தளத்திலிருந்து கசியும் மழைத்தண்ணீர்தான் மட்க வைக்கும். பலகைகளைப் பிடித்திருக்கும் ஆணிகளிலும் சிலதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் அறைக் குழாய்களைச் சுற்றிய உறையில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று ஏலத்துக்கு முன்பே சோதித்துவிடுங்கள். இருந்தால், அதை அகற்றும்வரை வேறு எந்த வேலைக்கும் ஆள் உள்ளே வரமாட்டார்.

கண்ணி வாரும் வின்ச்சையும் கேபிள்களையும் கழற்றிய பிறகு கப்பல் மிதக்கும் மட்டமே மாறிவிடும், கப்பல் கவிழாமல் நிற்குமா என்று பார்க்கும் பழைய நிலைப்புத்தன்மைக் கணக்கு செல்லாது. எடைகளைத் தளத்தில் பக்கவாட்டில் நகர்த்தி, சாய்வை அளந்து புதிதாகக் கணக்கிட வேண்டும். சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி முடித்துவிட்டு அந்தச் சோதனைக்குத் தேதி வாங்குங்கள். முன்னாலேயே செய்தால் இன்னொரு தடவை காசு கட்ட வேண்டியிருக்கும்.