பெயர் தெரியாத மூன்று இரவுகள்

2024 யூலை 29ஆம் திகதி பின்னேரம், கோயில் திருவிழா ஒழுங்குகளைப் பேசுவதற்கென்று தொடங்கப்பட்ட எங்கள் வட்ஸ்அப் குழுவில், அன்னதானத்துக்கு யார் எத்தனை கிலோ அரிசி தருவது என்ற கணக்குகளுக்கு நடுவே, ஒரு பெயர் வந்து விழுந்தது. அன்று மதியத்துக்குச் சற்று முன், இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள சவுத்போர்ட் நகரில், கோடை விடுமுறை நடன வகுப்பொன்றுக்குள் கத்தியுடன் புகுந்த ஒருவன் 6, 7, 9 வயதுச் சிறுமிகள் மூவரைக் கொன்று, மேலும் எட்டுச் சிறுவர்களையும் இரண்டு பெரியவர்களையும் காயப்படுத்தியிருந்தான். குழுவில் வந்தது ஒரு முஸ்லிம் பெயர். அவன் முந்திய ஆண்டு படகில் வந்த புகலிடக் கோரிக்கையாளன் என்றும், உளவுத்துறையின் கண்காணிப்பில் இருந்தவன் என்றும் கூடவே இரண்டு வரிகள் இருந்தன. அனுப்பியவர் என்னுடைய மச்சான், அதாவது என் மனைவியின் தமையன். அவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1999இல் பிரான்சின் கலே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குத் தக்காளிப் பெட்டிகளுக்கு இடையில் படுத்து வந்த லொறியில் எனக்குப் பக்கத்தில் கிடந்தவர் அவர்தான்.

அந்தப் பெயரில் அப்படி ஒருவன் இல்லை. கொலை செய்தவன் கார்டிஃப் நகரில் பிறந்து, சவுத்போர்ட்டுக்கு அருகிலுள்ள கிராமமொன்றில் வளர்ந்த 17 வயது இளைஞன். பெற்றோர் ருவாண்டாவிலிருந்து வந்தவர்கள். குடும்பம் கிறித்தவக் குடும்பம். கார்டிஃபில் பிறந்தவன் என்பதைப் பொலிஸார் அன்றே சொல்லிவிட்டார்கள். ஆனால் சந்தேக நபர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்பதால் அவருடைய பெயரை வெளியிடச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. லிவர்பூல் நீதிமன்றத்தில் நீதிபதி அந்தத் தடையை நீக்கியது ஓகஸ்ட் 1ஆம் திகதிதான். இடையில் மூன்று இரவுகள் இருந்தன. உண்மையான பெயர் பூட்டிக் கிடந்த அந்த மூன்று இரவுகளிலும் பொய்ப் பெயர் நாடெங்கும் தன்பாட்டில் உலாவியது.

30ஆம் திகதி மாலை, சவுத்போர்ட்டில் இறந்த பிள்ளைகளுக்காக மக்கள் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த அதே வேளையில், சில தெருக்கள் தள்ளியிருந்த பள்ளிவாசலை ஒரு கூட்டம் சூழ்ந்து கல்லெறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பொலிஸார் காயப்பட்டார்கள். அடுத்த நாட்களில் ஹார்ட்லிபூல், சண்டர்லாண்ட், ஹல், மிடில்ஸ்பரோ என்று தீ பரவியது. லிவர்பூலின் வோல்ட்டன் பகுதியில் ஸ்பெல்லோ நூலகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு எரியும் நூலகத்தின் படத்தைக் காட்டிவிட்டு, அதைப் பற்றி நடுநிலையாகப் பேசு என்று யாரும் கேட்கக்கூடாது.

என்றாலும் முயன்று பார்க்கிறேன், ஏனென்றால் தெருவில் இறங்கிய எல்லோரையும் மூளையற்ற இனவெறியர் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எனக்கு எப்போதுமே மிகவும் இலகுவான விளக்கமாகத் தோன்றியிருக்கிறது. ஓகஸ்ட் 4ஆம் திகதி ரொதரம் அருகே மான்வர்ஸ் என்ற இடத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட புகலிடக் கோரிக்கையாளர்கள் உள்ளே இருந்த விடுதியின் கண்ணாடிகளை உடைத்து, எரியும் குப்பைத்தொட்டியொன்றை அதன் வாசற்கதவோடு தள்ளி வைத்தார்கள். உள்ளே இருந்தவர்களை உயிரோடு கொளுத்தும் முயற்சி என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை. அதில் ஈடுபட்ட ஒருவருக்கு நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஊரின் பெயரை மறந்துவிட முடியாது. 1997 முதல் 2013 வரையான காலத்தில் ரொதரத்தில் குறைந்தது 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருக்கலாம் என்று 2014இல் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே தன் அறிக்கையில் மதிப்பிட்டார். குற்றவாளிகளாகச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தானியப் பின்னணி கொண்டவர்கள். இனவாதிகள் என்ற பட்டம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில், நகரசபையைச் சேர்ந்த சிலர் அதைச் சொல்லவே தயங்கினார்கள் என்பதையும் அந்த அறிக்கை பதிவு செய்தது. முறைப்பாடு செய்த பெண் பிள்ளைகளைப் பல வேளைகளில் பொலிஸாரே அலட்சியப்படுத்தினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அதிகாரிகள் உண்மையை மறைத்த ஊரில், வேறோர் ஊரில் ஒரு கொலை நடந்ததும் அதிகாரிகள் மீண்டும் எதையோ மறைக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவதற்கு ஆட்கள் இருப்பார்கள். நம்பியவர்கள் கொளுத்தப் போனது அந்தச் சுரண்டலோடும் சவுத்போர்ட் கொலையோடும் எந்தத் தொடர்பும் இல்லாதவர்களை என்பது வேறு விடயம்.

கொலை ஒன்று, குடிவரவு இன்னொன்று, இஸ்லாம் பற்றிய விவாதம் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் நேர்மையான சண்டைக்கு வேண்டிய விடயம் தாராளமாக உண்டு. அந்தப் பொய்ப் பெயர் மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டது. படகைப் பற்றிப் பேச வந்தவர் பள்ளிவாசல் மீது கல்லெறிந்தார். கல்லெறிதலைக் கண்டித்தவர் படகைப் பற்றிப் பேசுவதே பாவம் என்றார். பேர்மிங்ஹாமில், வரப்போவதாகச் சொல்லப்பட்ட வலதுசாரிக் கூட்டத்தை எதிர்க்கக் கூடிய முஸ்லிம் இளைஞர்களில் ஒரு பகுதியினர் அங்கிருந்த மதுக்கடையொன்றைத் தாக்கினார்கள். அதையும் எழுதாமல் விடுவது நேர்மையல்ல.

படகு விடயத்துக்கு வருகிறேன். 2018இல் சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர்கள் 299 பேர். 2022இல் அது 45,700ஐத் தாண்டியது. இந்த எண்களைப் பார்த்து ஒரு சாதாரண மனிதர் பதறினால் அவரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 'சட்டவிரோதம்' என்ற சொல் இங்கே விசித்திரமாக வேலை செய்கிறது. புகலிடம் கேட்பது சட்டப்படி உரிமை. அதை இந்த நாட்டு மண்ணில் நின்றுகொண்டுதான் கேட்கலாம். அதற்காக வருவதற்கு விசா என்று ஒன்று கிடையாது. அனுமதியில்லாமல் வந்து சேர்வதையோ 2022ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்கிவிட்டது. வீட்டுக்குள் வந்தால்தான் கதவு திறக்கும் என்று சொல்லிவிட்டு, வந்தவனிடம் ஏன் யன்னலால் வந்தாய் என்று கேட்கிற கதைதான் இது. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தை எழுதியவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருந்தது. ஆபத்திலிருந்து நேராக வந்து தாமதமின்றித் தன்னை வெளிப்படுத்துகிற அகதியைக் களவாய் வந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று அதன் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. பிரான்சைக் கடந்து வந்தவர் 'நேராக' வந்தவரா என்பதில்தான் இன்றைய வழக்கறிஞர்களின் சண்டை முழுவதும் கிடக்கிறது.

வந்தவர்களை விடுதிகளில் வைத்தது அரசின் தெரிவு. 2023 செப்டெம்பரில் 56,000 பேருக்கு மேல் அப்படி இருந்தார்கள். சாப்பாடு தரப்படும் விடுதியில் இருப்பவருக்கு 2024இல் வாரத்துக்குக் கிடைத்தது 8 பவுண் 86 பென்ஸ். பெரும்பாலோருக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. மூடிய தொழிற்சாலைகளும் வைத்தியருக்கான நீண்ட காத்திருப்புமாக இருக்கும் ஊரில், ஒருகாலத்தில் கலியாண விருந்து நடந்த விடுதியை ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூடி, வேலை செய்ய முடியாத இளைஞர்களால் நிரப்பிவிட்டால் அங்கே நல்லுறவு வளருமென்று எந்த அமைச்சர் நம்பினார் என்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 7ஆம் திகதி புதன்கிழமை எங்கள் பகுதியின் முறை வந்தது. தாக்கப்படப்போகும் குடிவரவு வழக்கறிஞர், ஆலோசகர் அலுவலகங்கள் என்று ஒரு பட்டியல் சுற்றியது; கிழக்கு லண்டன் வோல்தம்ஸ்டோவின் ஹோ தெரு முகவரியொன்றும் அதில் இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கே கடைகள் இழுத்து மூடப்பட்டன. எனக்குத் தெரிந்த தமிழ்க் கடைக்காரர் ஒருவர் முருங்கைக்காயும் வெண்டிக்காயும் வைக்கும் வெளித்தட்டுகளை உள்ளே இழுத்துவிட்டு, கண்ணாடிக்கு மேல் ஒட்டுப்பலகை அடித்துக்கொண்டிருந்தார். ஆணி பிடிக்கப் போனேன். "எண்பத்து மூன்றிலயும் அப்பா இப்பிடித்தான் பலகை அடிச்சவர், நான்தான் ஆணி எடுத்துக் குடுத்தனான்" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஆனால் அது தாக்க வந்த கூட்டமல்ல, தடுக்க வந்த கூட்டம். தாக்குவதாகச் சொன்னவர்கள் கண்ணில் படவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்கார மூதாட்டியொருவர் மடக்குக் கதிரையும் தேநீர்க் குடுவையும் கொண்டு வந்திருந்தார்.

2025 ஜனவரியில் கொலைகாரன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்; குறைந்தது 52 ஆண்டுகள் என்ற நிபந்தனையோடு ஆயுட்தண்டனை. அப்போதுதான் உண்மையான குளறுபடி வெளியே வந்தது. தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்கு 2019க்கும் 2021க்கும் இடையில் அவன் மூன்று முறை அனுப்பப்பட்டிருந்தான். தெளிவான சித்தாந்தம் எதுவும் இல்லை என்று மூன்று முறையும் கோப்பை மூடியிருக்கிறார்கள். அவனுடைய வீட்டில் ரைசின் நஞ்சும் கணினியில் அல்கைதாவின் பயிற்சிக் கையேடும் கிடைத்தன. அது கிடைத்ததால் முதல் வதந்தி உண்மைதானே என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். எந்த மதக் கொள்கையும் அவனை நடத்தவில்லை, கொலை செய்வதில்தான் அவனுக்கு வெறி என்பது அரசதரப்பின் முடிவு. அந்தக் கையேட்டோடு சேர்த்து உலகத்தின் பல படுகொலைகளையும் பற்றி அவன் சேகரித்து வைத்திருந்ததைப் பார்க்கும்போது அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் நஞ்சும் கையேடும் கிடைத்ததை 2024 ஒக்டோபர் இறுதி வரை மக்களிடமிருந்து மறைத்து வைத்ததற்கு, வழக்குப் பாதிக்கப்படும் என்பது முழுச் சமாதானமாகாது. பையன் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லி வதந்தியை அடக்க விரும்பியதாகவும், அரச வழக்குத்தொடுநர்களின் ஆலோசனையால் அதைச் சொல்ல முடியாமற் போனதாகவும் அந்தப் பிராந்தியத்தின் பொலிஸ் தலைவரே பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். 2025 மே 26ஆம் திகதி லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தின் வெற்றி ஊர்வலத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் ஓடியபோது, அதே பொலிஸார் ஓரிரு மணித்தியாலங்களில் 53 வயது வெள்ளையினப் பிரித்தானியர் ஒருவரைக் கைது செய்திருப்பதாக அறிவித்தார்கள். எந்தப் பள்ளிவாசலுக்கும் அன்றிரவு கல் விழவில்லை. ஆனால் இனி எந்தக் குற்றத்துக்கும் இனத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற வழக்கம் வந்துவிட்டால், சொல்லப்படுபவர் எங்களைப் போன்றவராக இருக்கும் நாளில் என்ன நடக்கும் என்ற பயம் எனக்கு உண்டு.

அந்தப் பொய்ப் பெயர் எங்கள் கோயில் குழுவில் ஏன் அவ்வளவு இலகுவாக ஏற்கப்பட்டது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. முஸ்லிம் என்றதும் எதையும் நம்பத் தயாராக இருக்கும் ஒரு பழக்கத்தை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் சில மணித்தியால அவகாசத்தில் அவர்கள் வெறுங்கையோடு போனதை என் கண்ணால் பார்த்தவன் நான். அன்றும் அதற்கு ஆளுக்கொரு நியாயம் சொன்னோம்.

உண்மையான பெயர் வெளிவந்ததும் அதைக் குழுவில் போட்டேன். யாரும் மறுமொழி எழுதவில்லை. மறுநாள் காலை தேர்வடத்துக்கு ஆள் போதாது என்ற செய்திதான் வந்தது. மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயர் பிழை என்பதை உடனே ஒப்புக்கொண்டார். "அது பிழைதான், ஆனா படகில வாறவங்கள் எல்லாம் பொய்க் கேஸ், நாங்கள் அப்பிடியே?" என்றார். எங்கள் இருவருக்கும் ஏஜென்சிக்காரன் எழுதிக்கொடுத்த கதையில், என்னுடையதில் இருந்த சிறைக்காலம் அவருடையதிலும் திகதி மாறாமல் இருந்ததால்தான் அவருடைய கேஸ் முதலில் ரிஜெக்ட் ஆனது என்பதை நினைவுபடுத்தினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பின்னால் தங்கச்சி நிற்கிறாளா, அவளிடம் போனைக் கொடு என்றார்.