இஸ்தான்புல், ஆறரை மணி

அக்டோபர் 7

மாத்திரைகளை மூன்று இடத்தில் பிரித்து வைத்தாயிற்று. கைப்பை, தோள்பை, பெட்டி. எது தொலைந்தாலும் மீதி இரண்டு இருக்கும். டாக்டர் கடிதம் பாஸ்போர்ட்டோடு.

அக்டோபர் 8

தனியாகத்தான் போக வேண்டுமா என்று அண்ணன் மறுபடியும் கேட்டான். அவன் கேட்பதில் தப்பே இல்லை. மார்ச் மாதம் வலிப்பு வந்து சமையலறைத் தரையில் கிடந்த என்னைப் பார்த்தவன் அவன்தானே. ஆனாலும் ஆமாம், தனியாகத்தான்.

அம்மா எதுவும் கேட்கவில்லை. பெட்டி ஓரத்தில் ஒரு இரும்புச் சாவியைச் செருகியிருக்கிறாள். வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. எடுத்து வெளியே வைக்க மனம் வரவில்லை.

அக்டோபர் 9, இரவு

வந்துவிட்டேன். தூக்கம் கெடக்கூடாது என்று பகல் விமானமாகப் பார்த்து எடுத்தது நல்லதாகப் போயிற்று. மாத்திரையை விமானத்திலேயே போட்டேன். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் கைரெத்தெப்பே, அங்கே மாறி ஷிஷ்ஹானே. நடைமேடையில் வழக்கம்போல் சுவரை ஒட்டி நின்றேன்.

இப்போது கதவுதான் பிரச்சினை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை என்பது பழகிப்போன விஷயம். ஆனால் அறைக் கதவு? உள்ளே சங்கிலி இருக்கிறது. அதை மாட்டினால் பயமில்லாமல் தூங்கலாம். ஆனால் ராத்திரி எனக்கு ஏதாவது ஆனால் யாரும் உள்ளே வர முடியாது. மாட்டாவிட்டால் சாவி வைத்திருக்கும் யாரும் வரலாம். தெரியாத ஊரில் தனியாக இருக்கும் பெண் எந்தப் பயத்துக்கு முதலில் இடம் கொடுப்பது? அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கிப் போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சீட்டைக் காட்டினேன். துருக்கி மொழியில் எழுதி வாங்கி வந்தது: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 112. நிதானமாகப் படித்தாள். தன்னிடம் மாற்றுச் சாவி இருப்பதை எடுத்துக் காட்டினாள். இரவு முழுக்க அவள்தான் இருப்பாளாம்.

பூட்டினேன். சாவியைத் துளையிலிருந்து எடுத்துவிட்டேன். சங்கிலி மாட்டவில்லை.

அக்டோபர் 10, காலை 6.30

போட்டாயிற்று. வெளியே இன்னும் இருட்டு. வீட்டு நேரத்தை மாற்றவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே ஒன்பது, இங்கே ஆறரை. காலையும் மாலையும்.

அக்டோபர் 10, மதியம்

துனெலில் இறங்கி வந்தேன். 1875-இல் திறந்தது, லண்டனுக்கு அடுத்து உலகின் பழைய சுரங்க ரயில். மொத்தமே இரண்டு நிலையங்கள்தான். உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் கராக்கோய் வந்துவிடுகிறது.

ஹாகியா சோபியாவின் மேல்மாடத்தில் நெடுநேரம் நின்றேன். 537-இல் கட்டி முடித்த தேவாலயம். 558-இல் பெரிய குவிமாடம் இடிந்து விழுந்திருக்கிறது. 562-க்குள் முன்பைவிட உயரமாகத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். அடுத்து வந்த நூற்றாண்டுகளிலும் நிலநடுக்கத்தில் பகுதி பகுதியாக விழுந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் லேசாகத் தலை சுற்றியது. உடனே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கழுத்துதான், வேறொன்றுமில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. யாரும் ஓடி வரவில்லை. பக்கத்தில் ஒரு பையன் தன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 10, இரவு

இதை எழுதாமல் தூங்க முடியாது.

சாயங்காலம் கராக்கோயில் கப்பல் ஏறினேன், எதிர்க்கரையில் இருக்கும் கடிக்கோய்க்கு. இருபது நிமிடப் பயணம், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு. கம்பி ஓரத்துப் பெஞ்சு காலியாக இருந்தும் உள்பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். தட்டில் தேநீர் கொண்டுவந்தார்கள், இடை ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில். கடற்காகங்கள் கூடவே பறந்து வந்தன. ஒரு தாத்தா சிமித் ரொட்டியைப் பிய்த்துப் போட, ஒவ்வொரு துண்டையும் காற்றிலேயே கவ்விக்கொண்டு போயின. எதிரே ஹைதர்பாஷா ரயில் நிலையம் தெரிய ஆரம்பித்தபோது போனில் மணி அடித்தது. ஆறரை.

வீட்டில் அந்த மணி அடித்தால் மூன்று பேர் மூன்று அறையிலிருந்து "மாத்திரை!" என்று கத்துவார்கள். தண்ணீர் டம்ளர் தானாக வந்துவிடும். நான் முழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாசம்தான், தெரியும். அந்தப் பாசத்துக்கு நடுவில் மார்ச்சிலிருந்து ஒரு நிமிடம்கூட நான் யாருடைய கண்ணுக்கும் தப்பி இருந்ததில்லை.

கப்பலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானே அணைத்தேன், நானே எடுத்தேன், போட்டேன். சூரியன் பழைய ஊர்ப் பக்கம் மசூதிகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, அதையும் யாரும் பார்க்கவில்லையே.

அப்புறம் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றேன். இரண்டு கையாலும். கரை வரும்வரை.

இதை அண்ணனிடம் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 10, இரவு 11

போட்டேன்தானே? டப்பாவைத் திறந்து பார்த்தேன். மாலைக் கட்டம் காலி. சரி.

அக்டோபர் 11, காலை

போட்டாயிற்று. நன்றாகத் தூங்கியிருக்கிறேன். இன்று தரைக்கடியில் இருக்கும் பெரிய நீர்த்தொட்டி, 336 தூண்கள். உள்ளே இருட்டாம், விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருக்குமாம். மெதுவாக மாறுமா, வெட்டி வெட்டி அடிக்குமா என்பதுதான் கேள்வி. வரவேற்பில் இரவுப் பெண் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அவளிடம் கேட்க வேண்டும், இதோ போகிறேன்