இக்னோ எம்.ஏ. ஹிஸ்டரி பாஸ்! ஆயா (எங்க பாட்டி) சொன்ன கேஜிஎஃப் கதைய வெச்சு நான் படிச்ச விதம்

போன வாரம் ரிசல்ட் வந்துச்சு, எல்லா பேப்பரும் க்ளியர், இப்பதான் மூச்சே வருது. பெங்களூர்ல ஒரு ஸ்கூல்ல சோஷியல் எடுத்துக்கிட்டே படிச்சேன், வேலைக்கு போயிட்டு எழுதுறவங்களுக்கு உதவும்னு போடறேன். பேட்டர்ன் எல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. வீட்டு கதைய கேளுங்க, புக்க பக்கத்துல வெச்சு பாருங்க, எங்க இடிக்குதோ அங்கதான் ஆன்சர் இருக்கு.

நாங்க வட ஆற்காட்டுல இருந்து கோலார் தங்க வயலுக்கு, அதாவது கேஜிஎஃப்புக்கு, போன குடும்பம். தாத்தாவுக்கு அங்க சாம்பியன் ரீஃப்ங்கற சுரங்கத்துல அண்டர்கிரவுண்ட் வேலை. "பெங்களூருக்கே கரண்ட் இல்லாதப்ப எங்க ஊர்ல லைட்டு எரிஞ்சுதும்மா"ன்னு ஆயா அவ்ளோ பெருமையா சொல்லும். புக்குல பாத்தா நெஜம்தான், காவிரில இருக்கற சிவனசமுத்திரம் பவர் ஸ்டேஷன்ல இருந்து 1902ல கேஜிஎஃப்புக்கு கரண்ட் லைன் இழுத்துட்டாங்க, பெங்களூருக்கு 1905லதான் வந்துச்சு. சரி உங்க வீட்டுக்கு எப்ப ஆயா வந்துச்சுன்னு கேட்டா, "லைன் வீட்ல ஏது லைட்டு, சிம்னி விளக்குலதான் நான் வளந்தேன்"னு அதே ஆயா சொல்லுது. லைன் வீடுன்னா தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின சின்ன வீடு. அப்ப அந்த கரண்ட் யாருக்காக வந்துச்சு? சுரங்கத்த நடத்துன வெள்ளைக்காரன் கம்பெனி ஜான் டெய்லரோட மெஷினுக்கு. காலனி கால பொருளாதாரம், தொழிலாளர், நகரம்னு எத கேட்டாலும் எனக்கு இந்த இடத்துல இருந்து ஆரம்பிக்க வந்துச்சு. கைடு படிச்சு இது வராது.

ஸ்டடி சென்டர்ல ஒருத்தர் பாட்டி கதையெல்லாம் ஹிஸ்டரி இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னார், இன்னும் ஆறல. ஹிஸ்டோரியோகிராஃபி (வரலாறு எப்படி எழுதறாங்கங்கற) பேப்பர்ல வாய்மொழி வரலாறுன்னு பாடமே இருக்கு சார்.

கவனிக்க வேண்டியது:

- எங்க ஆயா சொன்னாங்கன்னு பேப்பர்ல எழுதாதீங்க. கதை கேள்விய குடுக்கும், ஆதாரம் புக்குல இருந்துதான் வரணும்.
- பெரியவங்ககிட்ட வருஷம் கேக்காதீங்க, வராது. வெள்ளைக்காரன் கம்பெனியா இருந்தப்பவா, கவர்மெண்ட் எடுத்த அப்புறமான்னு கேளுங்க. 1956க்கு முன்னவா பின்னவான்னு உங்களுக்கு தெரிஞ்சுடும்.
- குறுக்க பேசாதீங்க. ராக்பர்ஸ்ட் (சுரங்கத்துக்குள்ள பாறை அழுத்தத்துல வெடிக்கறது) பத்தி நான் கேக்கவே இல்ல, ஆயா தானா சொல்லுச்சு: தரை குலுங்கி பாத்திரம் உருண்டா அடுப்ப அப்படியே விட்டுட்டு பொம்பளைங்க எல்லாம் சுரங்க வாசல் ஷாஃப்ட்டுக்கு ஓடுவாங்களாம், ஆளுங்கள ஏத்திட்டு வர்ற கேஜ் (லிஃப்ட்) மேல வர வர ஒவ்வொரு மூஞ்சியா பாப்பாங்களாம்.
- தனியா உக்காந்து மனப்பாடம் பண்ணா எனக்கு ஏறாது, யார்கிட்டயாவது சொல்லி சொல்லித்தான் படிச்சேன். டீச்சர்ஸ்க்கு இது ஈஸி, க்ளாஸ்லயே சொல்லிடலாம்.

அப்படி க்ளாஸ்ல சொன்னதத்தான் இப்ப எட்டாவது பசங்களுக்காக கேஜிஎஃப் வரலாறா எழுதிட்டு இருக்கேன். மைன்ஸ் மூடினது 2001 பிப்ரவரி 28, அன்னிக்கு வேலைல இருந்தவங்க எத்தனையோ பேர் இன்னும் இருக்காங்க, அவங்க பிள்ளைங்க கேஜிஎஃப் பக்கத்து மாரிகுப்பம் ஸ்டேஷன்ல இருந்து கிளம்பற ட்ரெயின்ல தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வர்றாங்க. அடுத்த தடவ எழுதுறவங்க யாராச்சும் அந்த பக்கம் இருந்தா, எக்ஸாம் முடியட்டும்னு தள்ளி போடாம இப்பவே போய் கேளுங்க, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கங்க.